சிறுநீரகத்துக்கு ஒத்துவரும் மசாலா டோனட்: பொரிக்காமல், பேக்கிங் பவுடர் இல்லாமல்

சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு டோனட் என்றதும் வீட்டில் எழும் முதல் ஆட்சேபம் சர்க்கரையையும் எண்ணெயையும் பற்றித்தான் இருக்கும். இரண்டும் கவனிக்க வேண்டியவைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வட்டப் பண்டத்தில் சிறுநீரகத்துக்கு அதிகத் தொல்லை தருவது வேறொன்று. மாவோடு ஒரு டீஸ்பூன் கலந்துவிட்டு மறந்துபோகிறோமே, அந்த பேக்கிங் பவுடர்.

அதை எடுத்துவிட்டு, வேறு வழியில் மாவைப் பொங்க வைத்து, உப்பு இல்லாத குறை தெரியாமல் மசாலாவால் சமாளித்து, ஓவனில் சுட்டெடுக்கும் ஆறு டோனட்டுக்கான வழிமுறை இது. இட்லியைவிட இது உயர்ந்த காலை உணவு என்று சொல்லப் போவதில்லை. ஆனால் சிறுநீரக நோயில் பசி மந்தமாவது சாதாரணம். "இதைச் சாப்பிடாதே, அதைத் தொடாதே" என்று பட்டியல் நீள நீள, சாப்பாட்டின் மேலேயே வெறுப்பு வந்து உடல் இளைத்துப்போகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் தட்டில் ஆசைப்பட்டு எடுக்கும்படியாக வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஏதாவது இருக்க வேண்டும்.

முதலில் ரத்தப் பரிசோதனைத் தாளை எடுங்கள்

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு என்று கேட்டால் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். பொட்டாசியம் எவ்வளவு என்று கேட்டால் தாளைத் தேடுவார்கள். சமையலறைக்குத் தேவைப்படுவது இந்த இரண்டாவது எண்ணும் பாஸ்பரஸ் எண்ணும்தான். பொதுவாக ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரையிலும், பாஸ்பரஸ் டெசிலிட்டருக்கு 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரையிலும் இருந்தால் இயல்பு என்பார்கள். இரண்டும் கட்டுக்குள் இருப்பவருக்கும், பொட்டாசியம் ஏறிக்கொண்டே போகிறவருக்கும் ஒரே சாப்பாட்டுச் சீட்டு பொருந்தாது.

டயாலிசிஸ் தொடங்கியாயிற்றா என்பது அடுத்த கேள்வி. கேடிகோ என்ற சர்வதேச சிறுநீரக அமைப்பு 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாட்பட்ட சிறுநீரக நோயின் மூன்றாம் கட்டம் முதல் ஐந்தாம் கட்டம் வரை உள்ள பெரியவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் என்று சொல்கிறது. டயாலிசிஸ் செய்பவர்களுக்கு அது போதாது. அந்தச் சிகிச்சையிலேயே கொஞ்சம் புரதம் போய்விடுவதால் 1 முதல் 1.2 கிராம் வரை தேவைப்படும். அதனால் ஒரே டோனட் ஒருவருக்கு அளவாகவும் இன்னொருவருக்குப் புரதம் போதாததாகவும் இருக்கும். இரண்டாமவர் பக்கத்தில் இரண்டு முட்டை வெள்ளைக்கருவை ஆம்லெட்டாகப் போட்டுக்கொண்டால் கணக்கு சரியாகும்.

கீழே நான் தரும் எண்களை அப்படியே ஒரு தாளில் எழுதி, உங்கள் மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ காட்டுங்கள். "டோனட் சாப்பிடலாமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்றுதான் பதில் வரும். எண்ணோடு போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

'ஹெல்தி' டோனட் குறிப்புகள் இங்கே உதவாது

இணையத்தில் ஆரோக்கியமான டோனட் என்று தேடினால் கோதுமை மாவு, ஓட்ஸ், பாதாம் மாவு, வாழைப்பழம், பேரீச்சம்பழம், வெல்லம், கோகோ என்று வரிசையாக வரும். சிறுநீரகம் நன்றாக வேலை செய்பவருக்கு அவை நல்லவையே. பொட்டாசியமும் பாஸ்பரஸும் ஏறுகிற ஒருவருக்கு அந்தப் பட்டியல் கிட்டத்தட்டத் தலைகீழாகிவிடும். 100 கிராம் மைதாவில் பொட்டாசியம், பாஸ்பரஸ் இரண்டுமே ஏறக்குறைய 107 மி.கி.; முழுக் கோதுமை மாவில் இரண்டும் 350-ஐத் தாண்டும். பாதாமில் பொட்டாசியம் 730 மி.கி.-க்கு மேல், பாஸ்பரஸ் 480 அளவில். கோகோ பவுடரில் பொட்டாசியம் 1500 மி.கி. வாழைப்பழம் 100 கிராமுக்கு 358. ஆப்பிள் 107 தான்.

நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி மூன்றையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெள்ளைச் சர்க்கரை கெடுதல், கருப்பட்டி நல்லது என்பது நம் வீடுகளில் ஆழமாக ஊறிப்போன எண்ணம். ஆனால் தாதுக்கள் நிறைந்தது என்று எதற்காகக் கருப்பட்டியைப் புகழ்கிறோமோ, அந்தத் தாதுக்களில் பொட்டாசியமும் சேர்த்தி. ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதிலும் அது ஒன்றும் சளைத்ததில்லை. இங்கே வெள்ளைச் சர்க்கரைதான் சரி, அளவைக் குறைத்து.

முழுத் தானியத்தை எல்லாருக்கும் விலக்கிவைக்கும் பழக்கம் இப்போது தளர்ந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோதுமைத் தவிட்டில் உள்ள பாஸ்பரஸ் பைட்டேட் என்ற வடிவில் கட்டுண்டு கிடக்கிறது. அதைப் பிரிக்கும் நொதி நம் குடலில் போதுமான அளவு இல்லாததால் பாதிகூட உடலில் சேர்வதில்லை. பொட்டாசியம் கட்டுக்குள் இருக்கிறது, மலச்சிக்கல் தொல்லை இருக்கிறது என்றால் மைதாவில் கால் பங்குக்குக் கோதுமை மாவைக் கலக்க மருத்துவரே சம்மதிக்கக்கூடும்.

அந்த ஒரு டீஸ்பூன் கணக்கு

இயற்கையான பாஸ்பரஸ் இப்படிப் பாதி வழியில் நின்றுவிடும்போது, பாக்கெட் உணவில் சேர்க்கப்படும் பாஸ்பேட் உப்புகள் ஏறக்குறைய முழுவதுமாக ரத்தத்தில் கலந்துவிடுகின்றன. நல்ல சிறுநீரகம் மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும். பழுதானது தள்ளாது. ரத்தத்தில் பாஸ்பரஸ் தேங்கினால் எலும்பிலிருந்து கால்சியம் கரையும், ரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு படியும், தோல் அரிக்கும். இரவில் தூங்கவிடாத அந்த அரிப்பைப் பட்டவர்களுக்குத் தெரியும்.

பேக்கிங் பவுடர் என்பது சமையல் சோடாவும், அதோடு வினைபுரிய ஓர் அமில உப்பும், ஈரம் இழுக்காமலிருக்கச் சோள மாவும் சேர்ந்த கலவை. அந்த அமில உப்பு பெரும்பாலும் பாஸ்பேட். முழுக்கப் பாஸ்பேட் வகையாக இருந்தால் ஒரு டீஸ்பூனில் சுமார் 456 மி.கி. பாஸ்பரஸ், 363 மி.கி. சோடியம். ஆறு டோனட்டில் அதைப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 76 மி.கி. பாஸ்பரஸ். அதுவும் முழுசாக உறிஞ்சப்படுகிற வகை. அலுமினியம் சல்பேட் கலந்த வகையில் பாஸ்பரஸ் 100 மி.கி. அளவுக்குக் குறையும், ஆனால் சோடியம் 488-க்கு ஏறும். போதாக்குறைக்கு அலுமினியமும் பழுதான சிறுநீரகம் வெளியேற்றத் திணறுகிற பொருள்தான்.

சோடியம் குறைந்த பேக்கிங் பவுடர் என்று ஒன்று விற்கிறது. ரத்த அழுத்தம் உள்ளவருக்கு நல்லதுதானே என்று வாங்கிவிடாதீர்கள். ஒரு டீஸ்பூனில் 500 மி.கி. பொட்டாசியமும் 340 மி.கி. பாஸ்பரஸும் இருக்கின்றன. பேக்கிங் பவுடருக்கு மாற்றாகப் பலர் பரிந்துரைக்கும் க்ரீம் ஆஃப் டார்ட்டர் என்பதும் ஒரு பொட்டாசியம் உப்புதான். 3 கிராம் கொண்ட ஒரு டீஸ்பூனில் 495 மி.கி. பொட்டாசியம்.

மிஞ்சுவது ஆப்ப சோடா என்று நாம் சொல்லும் சமையல் சோடா. இதில் பாஸ்பரஸும் இல்லை, பொட்டாசியமும் இல்லை. சோடியம் மட்டும் உண்டு, அதுவும் தாராளமாக: ஒரு டீஸ்பூனுக்கு 1260 மி.கி. ஆனால் ஒரு கப் மாவுக்குக் கால் டீஸ்பூன் போதும். வினைபுரிய எலுமிச்சைச் சாறு, கூடுதலாகப் பொங்க வைக்க நுரைக்க அடித்த முட்டை வெள்ளைக்கரு. இந்த மூன்றும் சேர்ந்தால் பேக்கிங் பவுடர் இல்லாத குறை தெரியாது.

கடையில் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கும்போது பாஸ்பரஸ் எவ்வளவு என்று தேடினால் கிடைக்காது. நம் நாட்டு லேபிளில் சோடியம் அளவு இருக்கும். பாஸ்பரஸ், பொட்டாசியம் அளவுகளைப் போட வேண்டிய கட்டாயம் இல்லை. சேர்மானப் பட்டியலில், உணவில் சேர்க்கும் பொருட்களைக் குறிக்கும் ஐ.என்.எஸ். எண்களைத்தான் பார்க்க வேண்டும்: 338 முதல் 341 வரை, 450, 451, 452, 541. இவற்றில் ஒன்று இருந்தாலும் பாஸ்பேட் உள்ளே இருக்கிறது என்று பொருள். ஐ.என்.எஸ். 500 என்பது சோடா, அதில் பிரச்சினை இல்லை. செல்ஃப் ரைசிங் மாவு, பான்கேக் மிக்ஸ், டோனட் மிக்ஸ் எல்லாவற்றிலும் பொங்க வைக்கும் பொடி ஏற்கெனவே கலந்திருக்கும் என்பதால் அவற்றை அலமாரியிலேயே விட்டுவிடலாம்.

தேவையானவை (6 டோனட்)

மைதா – 125 கிராம் (ஒரு கப்)
சர்க்கரை – 60 கிராம்
சமையல் சோடா – கால் டீஸ்பூன், தலை தட்டி
முட்டை வெள்ளைக்கரு – 2
மணமில்லாத எண்ணெய் – 3 டேபிள்ஸ்பூன்
பால் – 40 மி.லி.
தண்ணீர் – 40 மி.லி.
எலுமிச்சைச் சாறு – 1 டேபிள்ஸ்பூன்
துருவிய எலுமிச்சைத் தோல் – அரை டீஸ்பூன்
பட்டைத் தூள் – 1 டீஸ்பூன்
ஏலக்காய்த் தூள் – அரை டீஸ்பூன்
சுக்குத் தூள் – அரை டீஸ்பூன்
ஜாதிக்காய் – இரண்டு சிட்டிகை, துருவியது
கிராம்புத் தூள் – ஒரு சிட்டிகை

மஞ்சள் கருவை ஏன் விடுகிறோம் என்றால், ஒரு முட்டையின் பாஸ்பரஸில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது. ஒரு வெள்ளைக்கருவில் 3.6 கிராம் நல்ல புரதமும் வெறும் 5 மி.கி. பாஸ்பரஸும். இந்த விகிதத்துக்கு ஈடாகச் சொல்ல வேறு உணவு எனக்குத் தோன்றவில்லை.

வெண்ணெய் வாசம் வேண்டும் என்றால் எண்ணெயில் ஒரு டேபிள்ஸ்பூனை உருக்கிய நெய்யாக மாற்றிக்கொள்ளுங்கள். கடையில் கிடைக்கும் மஞ்சள் நிற டேபிள் பட்டர் வேண்டாம், அதில் உப்பு இருக்கிறது.

உப்பு? இந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. ஒரு சிட்டிகை இந்துப்பு போடலாமே என்று யாராவது கேட்பார்கள். இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். நிறம் மட்டும் வேறு. அதைவிட ஆபத்து, லோ சோடியம் உப்பு என்று விற்கப்படுவது. சோடியத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடை வைத்திருப்பார்கள். பொட்டாசியம் தேங்குகிற உடம்புக்கு அது இதயத் துடிப்பையே குழப்பிவிடக்கூடியது. வீட்டில் மற்றவர்களுக்காக வாங்கிவைத்திருந்தாலும் டப்பாவில் பெரிதாகப் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

மசாலா

உப்பு போகும் இடத்தில் ருசி தட்டையாகிவிடும். அதை நிரப்ப மூன்று வழிகள்: புளிப்பு, வாசம், லேசான காரம். எலுமிச்சைச் சாறும் தோலும் முதல் இரண்டையும், சுக்கு மூன்றாவதையும் பார்த்துக்கொள்ளும். மேலே சொன்ன மசாலா மொத்தத்தையும் கூட்டினால்கூட ஆறு டோனட்டுக்கும் சேர்த்து 40 மி.கி.-க்குக் கீழேதான் பொட்டாசியம் வரும். ஏலக்காயிலும் சுக்கிலும் 100 கிராமுக்கு ஆயிரத்தைத் தாண்டுகிறதே என்று பட்டியலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 100 கிராம் சுக்கை யார் சாப்பிடப் போகிறார்கள்?

பட்டை விஷயத்தில் கொஞ்சம் செலவு செய்யலாம். மளிகைக் கடையில் பட்டை என்று கிடைப்பது அநேகமாகக் கேசியா வகை. தடிமனாக, கட்டையாக, ஒற்றைச் சுருளாக இருக்கும். இலங்கையிலிருந்து வரும் அசல் கறுவாப்பட்டை காகிதம் போன்ற மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டிருக்கும், விரலால் ஒடிக்கலாம். கேசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம். தினமும் நிறையச் சேர்ந்தால் கல்லீரலுக்கு ஆகாது. வாரத்தில் ஒரு டோனட்டில் அது பெரிய விஷயமில்லை. ஆனாலும் ஏற்கெனவே கைநிறைய மாத்திரை விழுங்குகிறவர்களுக்குக் கறுவாவே மேல். வாசமும் மென்மையாக, இனிப்புப் பண்டத்துக்கு ஏற்றதாக இருக்கும்.

எல்லாவற்றையும் முழுசாக வாங்கி வீட்டிலேயே பொடியுங்கள். தயார் மசாலாக் கலவைகளில் உப்பு சேர்ந்திருப்பது சகஜம். ஜாதிக்காயை மட்டும் அளவு மீறாதீர்கள். அதிகமானால் கசக்கும், தலைசுற்றலும் வரும்.

செய்முறை

ஓவனைத்தான் முதலில் தயார் செய்ய வேண்டும். சோடாவும் எலுமிச்சையும் சேர்ந்த நொடியிலேயே வாயு கிளம்பிவிடும். பேக்கிங் பவுடர் போல இரண்டாம் முறை சூட்டில் பொங்கும் வசதி இதில் கிடையாது. மாவு கலந்தபின் ஓவன் சூடாகட்டும் என்று காத்திருந்தால் டோனட் வடையாகிவிடும். ஓ.டி.ஜி. என்ற மின் ஓவனை 175 டிகிரி செல்சியஸில் வைத்து, மேல் கீழ் இரண்டு கம்பிகளும் எரிய, கால் மணி நேரம் சூடேற்றுங்கள். டோனட் தட்டின் குழிகளிலும் நடுக் குமிழிலும் எண்ணெய் தடவி, மேலே துளி மைதா தூவித் தட்டிவிடுங்கள். நடுக் குமிழை மறந்தால் டோனட் இரண்டாகப் பிய்ந்து வரும்.

1. எண்ணெயை ஒரு சின்னக் கரண்டியில் லேசாகச் சூடாக்குங்கள். புகை வரக் கூடாது. விரலால் தொட்டால் சுடுகிற அளவு போதும். அடுப்பை அணைத்துவிட்டு பட்டை, சுக்கு, கிராம்பு, ஜாதிக்காய்த் தூள்களை அதில் போட்டுக் கலக்கி ஆறவிடுங்கள். தாளிப்பின் தத்துவம்தான் இது. இந்த வாசங்கள் கொழுப்பில் கரைபவை, உலர்ந்த மாவோடு நேரே கலப்பதைவிட எண்ணெயில் ஊறினால் இரண்டு மடங்கு தெரியும். ஏலக்காயை மட்டும் இதில் போடாதீர்கள், அதன் வாசம் சீக்கிரம் பறந்துவிடும்.

2. மைதா, சோடா, ஏலக்காய்த் தூள், சர்க்கரையில் பாதி ஆகியவற்றைச் சேர்த்து இரண்டு முறை சலியுங்கள். இரண்டாவது சலிப்பு வீண் வேலை என்று தோன்றும். சோடா ஓரிடத்தில் கட்டியாக நின்றுவிட்டால் அந்த வாய் மட்டும் சோப்பு ருசி அடிக்கும், அதற்காகத்தான். சலித்தபின் தடிமனாக நிற்கும் சர்க்கரையைத் திரும்ப மாவிலேயே கொட்டிவிடுங்கள்.

3. பால், தண்ணீர், மசாலா எண்ணெய், எலுமிச்சைத் தோல் நான்கையும் ஒரு பாத்திரத்தில் கலந்துவைத்துக்கொள்ளுங்கள். சாறு இப்போது வேண்டாம்.

4. வெள்ளைக்கரு அறை வெப்பத்துக்கு வந்திருக்க வேண்டும். பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கோ மஞ்சள் கருவின் துளியோ இருந்தால் நுரை எழும்பாது. எலுமிச்சைச் சாற்றில் நாலைந்து சொட்டு மட்டும் இதில் விட்டு அடிக்கத் தொடங்குங்கள். கேக் செய்பவர்கள் க்ரீம் ஆஃப் டார்ட்டரை எதற்காகப் போடுகிறார்களோ அந்த வேலையை இந்தச் சொட்டுகளே செய்துவிடும். நுரை வெளுத்து வரும்போது மீதிச் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். கரண்டியைத் தூக்கினால் நுனி எழுந்து தலைசாய்க்க வேண்டும். விறைப்பாக நின்றால் அதிகம் அடித்துவிட்டீர்கள், மாவில் சேர்க்கும்போது திட்டுத்திட்டாக நிற்கும். மின்சார பீட்டர் இருந்தால் மூன்று நிமிட வேலை, கையால் என்றால் தோள் வலிக்கும்.

5. மாவின் நடுவில் குழி செய்து பால் கலவையை ஊற்றி, மாவு மறையும்வரை மட்டும் கலக்குங்கள். சின்னக் கட்டிகள் இருக்கட்டும். மைதாவை அதிகம் கிளறினால் பசை பிடித்து ரப்பர் போலாகும்.

6. இனி வேகம் வேண்டும். வெள்ளைக்கரு நுரையில் மூன்றில் ஒரு பங்கையும் மீதி எலுமிச்சைச் சாற்றையும் மாவில் சேர்த்துக் கலந்து இளக்குங்கள். சின்னக் குமிழிகள் கிளம்புவது தெரியும். மீதி நுரையைச் சேர்த்து, அடியிலிருந்து மேலாக மடித்து மடித்துக் கலக்குங்கள். வெள்ளைக் கோடுகள் மறைந்ததும் நிறுத்திவிடுங்கள்.

7. கெட்டியான பிளாஸ்டிக் உறையில் மாவை நிரப்பி, முனையை விரல் அகலத்துக்கு வெட்டி, குழிகளில் முக்கால் உயரத்துக்குப் பிழியுங்கள். கரண்டியால் ஊற்றினாலும் தப்பில்லை, வடிவம் கொஞ்சம் கோணலாக வரும், அவ்வளவுதான்.

8. நடுத் தட்டில் வைத்து 11 முதல் 13 நிமிடம். விரலால் அழுத்தினால் எழும்பி வர வேண்டும், ஈர்க்குச்சி குத்தினால் சுத்தமாக வர வேண்டும். மேல்பக்கம் வெளிறித்தான் இருக்கும். மஞ்சள் கரு இல்லாததாலும் சர்க்கரை குறைவதாலும் நிறம் அவ்வளவாகப் பிடிக்காது. நிறத்துக்காகக் காத்திருந்தால் உலர்ந்துவிடும். அதே சமயம் நடுவில் ஈரம் இருக்கவும் விடாதீர்கள். சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்களும் டயாலிசிஸில் இருப்பவர்களும் அரைவேக்காட்டு முட்டையைத் தொடக் கூடாது.

9. தட்டிலேயே ஐந்து நிமிடம் வைத்திருந்து, ஓரத்தைக் கத்தி முனையால் இளக்கிக் கவிழ்த்துவிடுங்கள். அடிப்பக்கம் வழவழப்பாகவும் பொன்னிறமாகவும் இருக்கும். அதுதான் பரிமாறும்போது மேல்பக்கம்.

மேலே என்ன போடலாம்

எனக்குப் பிடித்தது வெறும் பட்டைச் சர்க்கரை. இரண்டு டேபிள்ஸ்பூன் சர்க்கரையில் அரை டீஸ்பூன் பட்டைத் தூள் கலந்து, டோனட் சூடாக இருக்கும்போதே ஒரு பக்கத்தை மட்டும் அதில் புரட்டினால் போதும். ஒட்டவில்லை என்றால் பிரஷ்ஷால் துளி தண்ணீர் தடவுங்கள். ஒன்றுக்கு ஒரு டீஸ்பூன் சர்க்கரை கூடும். நீரிழிவும் சேர்ந்தவர்கள் இதையே விட்டுவிட்டு, பட்டைத் தூளை மட்டும் தூவிக்கொள்ளலாம். நீரிழிவே நாட்பட்ட சிறுநீரக நோய்க்கு முதல் காரணமாக இருப்பதால், இதைப் படிப்பவர்களில் பலருக்கு இந்த வரி பொருந்தும்.

வெள்ளை கிளேஸ் வேண்டும் என்றால் சர்க்கரையை மிக்ஸியில் பொடித்துச் சில சொட்டுத் தண்ணீரில் குழையுங்கள். கடை ஐசிங் சுகரில் கட்டி பிடிக்காமலிருக்க ட்ரைகால்சியம் பாஸ்பேட் சேர்ப்பது உண்டு, ஐ.என்.எஸ். 341 என்று போட்டிருக்கும். சாக்லேட், வேர்க்கடலை, பிஸ்தாத் தூவல் எதுவும் வேண்டாம். பழம் வேண்டும் என்பவர்கள் தோல் சீவிய ஆப்பிளைத் துருவி, பட்டை போட்டு வதக்கி நடுக்குழியில் வைக்கலாம், அன்னாசியும் சரிதான். அலங்காரத்துக்கு நட்சத்திரப் பழத்தை வெட்டி வைக்கும் எண்ணம் வந்தால் உடனே கைவிடுங்கள். அதில் உள்ள ஒரு நச்சைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. விடாத விக்கலில் தொடங்கி, மனக்குழப்பம், வலிப்பு என்று உயிரையே பறித்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

தட்டு இல்லையென்றால் பணியாரக்கல்

ஒரு பண்டத்துக்காக டோனட் தட்டு வாங்குவானேன் என்று நினைப்பவர்களுக்கு, நம் பணியாரக்கல்லே போதும். நடுவில் ஓட்டை இருக்காது, உருண்டையாக வரும். டோனட் விற்கும் நாடுகளில் அப்படியும் தனியாக விற்கிறார்கள். குழிக்கு நாலைந்து சொட்டு எண்ணெய், முக்கால் குழி மாவு, மூடி போட்டு மிகச் சிறிய தீயில் மூன்று நிமிடம், திருப்பிவிட்டு இன்னும் இரண்டு நிமிடம். மாவு இரண்டாம் ஈட்டுக்குக் காத்திருக்கும்போது கொஞ்சம் நுரை அடங்கும். அதனால் ஏழு குழிக் கல் வைத்திருப்பவர்கள் பாதி அளவு மாவாகக் கலந்துகொள்வது நல்லது. மொத்த உருண்டைகளை எண்ணி ஆறால் (பாதி மாவென்றால் மூன்றால்) வகுத்தால் ஒரு டோனட்டுக்கு எத்தனை என்று தெரிந்துவிடும். உருண்டையாக இருந்தால் கணக்கில்லாமல் வாயில் போகும், அதனால் எண்ணி வையுங்கள்.

முட்டை சேர்க்காத வீடுகளில் வெள்ளைக்கருவை விட்டுவிட்டு, பாலும் தண்ணீரும் சேர்த்து 130 மி.லி. ஆக்கிக்கொள்ளுங்கள். மைதாவில் ஒரு டேபிள்ஸ்பூனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோள மாவு. பஞ்சுத்தன்மை குறையும், ருசி குறையாது. சோடாவைக் கூட்டிச் சரிக்கட்ட முயலாதீர்கள்.

சோடியம் மிகக் கண்டிப்பாகக் குறைக்கச் சொல்லியிருந்தால் சோடாவையும் விட்டுவிட்டு ஈஸ்ட் பக்கம் போகலாம். ஒரு டீஸ்பூன் உலர் ஈஸ்ட்டில் சோடியம் அநேகமாக இல்லை, பாஸ்பரஸ் 20 மி.கி. அளவுதான். ஆனால் அது கெட்டியாகப் பிசைந்து புளிக்கவைக்கும் வேறு மாவு, வேறு கதை. பட்டைத் தூள் ஈஸ்ட்டின் வேகத்தைக் குறைக்கும் என்பதால் மசாலாவை மாவில் அடக்கி வாசித்து, மேலே தூவுவதில் தாராளம் காட்ட வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றில் என்ன இருக்கிறது

மேல்பூச்சு இல்லாமல் ஒரு டோனட்டில், பொருட்களின் சராசரி அளவை வைத்துக் கூட்டினால்: ஏறக்குறைய 185 கலோரி, 26 கிராம் மாவுச்சத்து (அதில் சேர்த்த சர்க்கரை 10 கிராம்), 3.6 கிராம் புரதம், 75 மி.கி. சோடியம், 57 மி.கி. பொட்டாசியம், 31 மி.கி. பாஸ்பரஸ். கேடிகோ சொல்லும் நாளொன்றுக்கான சோடிய உச்சவரம்பு 2000 மி.கி. என்பதோடு ஒப்பிட்டால் இது சின்னத் தொகை. இரண்டு சாப்பிட்டாலும் உப்புக் கணக்கு தாங்கும். சர்க்கரைக் கணக்குதான் தாங்காது. நீரிழிவு இருந்தால் ஒன்றோடு நிறுத்துங்கள்.

சிக்கல் பக்கத்தில் இருக்கும் டம்ளரில்தான். 100 மி.லி. பசும்பாலில் சுமார் 90 மி.கி. பாஸ்பரஸும் 140 மி.கி. பொட்டாசியமும் உண்டு, டிகாக்ஷனும் தன் பங்குக்குப் பொட்டாசியம் சேர்க்கும். ஒரு டம்ளர் கெட்டிப் பால் காபி, இந்த டோனட்டைவிட மூன்று மடங்கு சுமை. காபியை நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. டம்ளரைச் சின்னதாக்கி, பாலைப் பாதியாக்கித் தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளலாம். தண்ணீர் அளவு வைத்திருப்பவர்கள் அதையும் அன்றைய கணக்கில் எழுத வேண்டும். பாஸ்பரஸைப் பிடிக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு அது சாப்பாட்டோடு வயிற்றில் சேர்ந்தால்தான் வேலை செய்யும். டோனட் காலை உணவா இடைத்தீனியா, அதற்கும் மாத்திரை வேண்டுமா என்று மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். சோடா மாத்திரை (சோடியம் பைகார்பனேட்) ஏற்கெனவே எடுப்பவர்களும் இதில் கால் டீஸ்பூன் சோடா ஆறு பங்காகப் போகிறது என்று சொல்லிவிடலாம்.

மிச்சத்தை என்ன செய்வது

கெடாமல் வைக்கும் பொருள் எதுவும் இதில் இல்லாததால் நம் ஊர் வெயிலில் மறுநாள் மாலைக்குமேல் வெளியே வைக்க முடியாது. ஃப்ரிட்ஜில் வைத்தால் விறைத்துவிடும். ஃப்ரீசர்தான் நல்லது. நன்றாக ஆறியதும் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி, மேல்பூச்சு எதுவும் இல்லாமல் வையுங்கள், ஒரு மாதம் தாங்கும். காலையில் எடுத்துப் பதினைந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு, மூடிய தோசைக்கல்லில் சின்னத் தீயில் பக்கத்துக்கு ஒரு நிமிடம் வாட்டினால் புதுசு மாதிரியே இருக்கும். பட்டைச் சர்க்கரையை அப்போது தூவிக்கொள்ளுங்கள். டயாலிசிஸுக்குக் காலையிலேயே கிளம்ப வேண்டிய நாட்களில், வாட்டிய ஒன்றைக் காகிதத்தில் சுற்றி டிபன் டப்பாவில் வைத்துக் கொடுத்தனுப்பலாம். அங்கே சிகிச்சையின்போது சாப்பிட அனுமதிக்கிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு அந்த நேரத்தில் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் இறங்கிவிடும், அவர்கள் முடித்துவிட்டு வெளியே வந்தபின் சாப்பிடட்டும்.